இன்னும் இரண்டு சுற்று

கார் எஞ்சினின் பிளக் துளைக்குள் திருகியிருந்த கம்பியில் பிஸ்டன் போய் மெல்ல முட்டியது. அவள் ராட்செட் ஸ்பேனரை விட்டுவிட்டு, பிஸ்டன்கள் கோத்திருக்கும் தண்டான கிராங்க்கின் முனையில் மாட்டியிருந்த தட்டைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம், விளிம்பு முழுக்க முந்நூற்று அறுபது கோடுகள். முப்பத்தொன்று. புது கேம் ஷாஃப்ட் வந்த அட்டைப் பெட்டியின் மூடியில் அதை எழுதினாள். இனி எதிர்ப்பக்கம் சுற்றி இன்னொரு முறை முட்ட வைத்து, இரண்டு எண்ணுக்கும் நடுவில் பூஜ்யத்தை வைக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று கண் சொல்வதை நம்பக் கூடாது. உச்சியில் அது கொஞ்ச நேரம் சும்மா நிற்பதுபோலத் தெரியும். கிராங்க் மட்டும் கீழே தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.

"பாப்பா" என்று உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டாள்.

காலையிலிருந்து இது ஆறாவது தடவை. அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, முன் கொட்டகையில் நின்ற காருக்கும் சுவருக்கும் இடையில் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போனாள். அண்ணன் வாயை நனைக்க அண்ணிக்கு ஒரு கை உதவி வேண்டியிருந்தது. தலையணையைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு ஸ்பூன் தண்ணீர் போனது, ஒன்று வெளியே வழிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் நிற்க இடமில்லாதவள்போல ஒரு கணம் நின்றாள்.

"ஒரு நிமிஷம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி காரிடம் வந்துவிட்டாள்.

பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே பதினெட்டு ஆண்கள் அவளை மேடம் என்பார்கள், அவள் முகம் சுளித்தால் டீ குடிக்கப் போவதைக்கூடத் தள்ளிப்போடுவார்கள். நாற்பத்துமூன்று வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். அந்த இருவரும் இந்த வீட்டில் இருந்தார்கள்.

அவளுக்கு ஒரு குறை உண்டு. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அப்பா போன அன்று அவள் தெருமுனைக் கடையில் டார்ச்சுக்கு பேட்டரி வாங்கிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காத பேட்டரி. அம்மா போனபோது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மிதவையில் ஒரு கோளாறும் இல்லை. போன வாரம், அண்ணனை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட அன்று, சமையலறையில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளாகவே சொன்னாள், இந்தத் தடவை கடைசிவரை பக்கத்தில் இருப்பேன் என்று. அண்ணி கையை விடுவித்துக்கொண்டு, சரி, முதலில் சாப்பிடு என்றாள். மறுநாள் காலையிலேயே பாப்பா காரின் பானெட்டைக் கழற்றிவிட்டாள்.

கார் அண்ணனுடையது. ஆறு சிலிண்டர், இரண்டு கதவு, அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ரேஸ் ஓட்டுபவர்கள் ஆசைப்பட்டுத் தேடிய வண்டி. அண்ணன் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் படிப்பவன். வேலைக்கு சைக்கிள், ஞாயிற்றுக்கிழமைக்கு இந்தக் கார். அதனால் தெருவில் அவனுக்கு ரேஸ் என்று பெயர். அவன் ஒருபோதும் எந்த ரேஸிலும் ஓடியதில்லை என்பதை நினைத்தால் அந்தப் பெயரில் கொஞ்சம் குசும்பும் இருந்தது. அவன் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டு இருபத்தெட்டு வருடம் சைக்கிள் மிதித்தான்.

போன வருடம் அவனே எஞ்சினைப் பிரித்து, அதற்குப் புது கேம் ஷாஃப்ட் போட்டான். கேம் ஷாஃப்ட் என்பது உடம்பெல்லாம் முட்டை வடிவ மேடுகள் கொண்ட ஒரு நீளத் தண்டு. அந்த மேடுகள்தான் வால்வுகளை நேரத்துக்குத் தூக்கி நேரத்துக்கு இறக்குகின்றன. புதிதாகப் போட்டதை முதன்முதலாக ஓட்டும்போது இருபது நிமிடம் இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே இறக்கவே கூடாது. மேடும் அதன்மேல் உரசும் இரும்பும் அந்த இருபது நிமிடத்தில்தான் ஒன்றுக்கொன்று பழகும். அண்ணன் ஆக்சிலரேட்டரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தான். நான்காவது நிமிடத்தில் அண்ணி கையில் ஃபோனோடு ஓடிவந்தாள். ரத்தப் பரிசோதனை செய்த இடத்திலிருந்து. சத்தத்தில் கேட்கவில்லை என்று அண்ணன் காலை எடுத்தான். எஞ்சின் தாழ்ந்து லொடலொடத்துக்கொண்டு கிடந்தது. அவன் கால் மணி நேரம் ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று மாலை தங்கைக்கு ஃபோன் செய்தபோது முதலில் சொன்னது இதைத்தான்: "கேம் போச்சு பாப்பா. மூணாவது சிலிண்டர்ல மேடே இல்ல, வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு." அப்புறம்தான், பேச்சோடு பேச்சாக, ரிப்போர்ட்டும் வந்தது என்றான்.

அண்ணிக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தான் ஃபோனைக் கொண்டுபோனதால்தான் ஏதோ கெட்டுப்போனது என்பது மட்டும் அவள் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

எதிர்ப்பக்கம் முட்டியபோது, பூஜ்யத்துக்கு மறுபக்கம் முப்பத்தைந்து. தட்டை இரண்டு டிகிரி நகர்த்தி இறுக்கினாள். பூஜ்யம் அதனிடத்துக்கு வந்தது. துணி மாட்டும் கம்பியை வளைத்துச் செய்த முள், பூஜ்யத்தின்மேல் நேராக நின்றது. பின்பக்கம் சுற்றுவதெல்லாம் இந்த ஒரு வேலைக்குத்தான். இனி எஞ்சின் ஓடும் திசையில் மட்டும். பின்னால் ஒரு மயிரளவு இழுத்தாலும் கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் செயினின் தொய்வு பக்கம் மாறிவிடும், அளவு பொய்யாகிவிடும். இதில் அண்ணனும் தங்கையும் ஒரே கட்சி. மற்ற எல்லாவற்றிலும் சண்டை.

இப்போதைய சண்டை நூற்று ஆறுக்கும் நூற்றுப்பத்துக்கும். கெட்டதற்குப் பதிலாக வாங்கிய புது கேம் ஷாஃப்டோடு வந்த அட்டையில், முதல் மேடு உச்சிக்கு வர வேண்டிய இடம் நூற்று ஆறு டிகிரி என்று அச்சடித்திருந்தது. குறிகளை நேராக வைத்து செயினை மாட்டினால் அது தானாக வரும் என்றாள் அவள். வராது என்றான் அண்ணன், முந்தாநாள், பேச மூச்சு இருந்தபோது.

"இந்த செயின் செட்டு எல்லாமே நாலு டிகிரி சோம்பேறி. நூத்திப்பத்துதான் காட்டும். அதுக்குத்தான் பல்சக்கரத்துல மூணு காடிப் பள்ளம் வெட்டி வெச்சிருக்கான். முக்கோணம் போட்ட காடிக்கு மாத்தணும்."

"அளந்து பாத்தியா?"

"இருபத்தெட்டு வருஷம் மீட்டர் படிச்சவன். பொய் சொல்ற மீட்டர மூஞ்சியிலயே கண்டுபிடிப்பேன்."

தோற்பவர் இரண்டு நாள் பாத்திரம் கழுவ வேண்டும் என்று முடிவானது. நீ தோற்றால் என்ன செய்வாய் என்று அவள் கேட்டதற்கு, நான் படுத்த இடத்திலிருந்தே தோற்றுக்கொள்கிறேன் என்றான். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அந்த வாரத்தில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

பத்தரைக்கு நர்ஸ் வந்தாள். அண்ணனின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள், விரல் நகங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், போர்வையை இழுத்து மூடினாள். வெளியே நடையில் செருப்பை மாட்டும்போது, சாயங்காலம் வரை தாங்குவதே கஷ்டம், இரண்டு பேரும் கூடவே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வெயிலில் அவளுடைய வெள்ளைக் குடை தெருமுனைவரை போய் மறைந்ததை அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாப்பா கை கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஒரு வாரமாக அவளுக்காகவே போட்டுவைத்தது. அண்ணனின் கண்கள் பாதி மூடியிருந்தன. மூச்சு ஏறி, ஒரு இடத்தில் யோசித்து, இறங்கியது. அவள் அதை எண்ணத் தொடங்கி, எண்ணுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்தினாள். திரைச்சீலையில் ஒரு கொக்கி விடுபட்டிருந்தது. எழுந்து மாட்டினாள். மருந்துப் பாட்டில்களை உயரப்படி வரிசையாக வைத்தாள். கடிகாரம் மூன்று நிமிடம் முந்தியிருந்தது, சரிசெய்தாள். பிறகு கட்டிலின் காலருகே குனிந்து ஒரு போல்ட்டை விரலால் அசைத்துப் பார்த்தாள். சட்டைப் பையில் ஸ்பேனர் இருந்தது.

"அந்த போல்ட்ட விட்டுடு" என்றான் அண்ணன். கண் திறக்கவில்லை. "எனக்கு அது போதும்."

அவள் ஸ்டூலுக்குத் திரும்பினாள். முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கையால் அதை அழுத்திப் பிடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது அவனுக்கு.

"நம்பர் என்ன?"

"இன்னும் பாக்கல. பூஜ்யம் மட்டும் வெச்சிருக்கேன்."

"போய் பாத்துட்டு வா."

"அப்புறம் பாத்துக்கலாம்ணா."

"எனக்கு இப்ப வேணும்."

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அவன் காலருகே உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். பத்து நிமிடம் என்றாள் பாப்பா. போய்ட்டு வா என்றாள் அண்ணி, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளியே காற்றே இல்லை. பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த வாசம் அவள் மூக்குக்குள் போனதும் முழங்கால் ஆடுவது நின்றது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. சக்கரங்களுக்கு வைத்த கட்டைகளைக் காலால் தட்டிப் பார்த்தாள். ஹேண்ட் பிரேக் எந்தக் காலத்திலோ போய்விட்ட வண்டி. பிளக் துளையிலிருந்து கம்பியைக் கழற்றினாள். முதல் சிலிண்டரின் நீளக் குச்சியைப் போட்டு அதன் தலையில், உயரம் அளக்கும் டயல் கேஜின் நுனியை உட்கார வைத்தாள். மேடு ஏறினால் குச்சி ஏறும், குச்சி ஏறினால் கேஜின் முள் ஓடும். மேடு உச்சியைத் தொடுமிடத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. உச்சிக்கு முன்னால் ஓர் இடம், உச்சிக்குப் பின்னால் அதே உயரத்தில் ஓர் இடம், இரண்டையும் படித்துக் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.

ராட்செட் டிக் டிக் என்றது. கீழே வண்டியின் சட்டம் இடித்ததால் ஒரு இழுப்புக்கு முப்பது டிகிரிதான் கிடைத்தது. ஜன்னல் வழியாக ஆக்சிஜன் மெஷினின் முனகல் வந்துகொண்டிருந்தது. முள் ஏறியது. நிறுத்தினாள். எழுபத்திரண்டு. மூடியில் எழுதினாள். மறுபடி இழுத்தாள். முள் உச்சிக்குப் போய், தயங்கி, இறங்கத் தொடங்கியது. இனி மெதுவாக. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

உள்ளே ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்திருக்கிறார்கள். அவள் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. கை நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருந்தது.

இரண்டு டிகிரி. ஒரு விரலால் பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அண்ணன் கேட்பான். பின்னாடி சுத்தினியா என்று கட்டாயம் கேட்பான், அவள் முகத்தைப் பார்ப்பான், மீட்டர் படிப்பான்.

சரியாகச் செய்வதென்றால் இன்னும் இரண்டு முழுச் சுற்று. கேம் ஷாஃப்ட் ஒருமுறை சுற்றிவர கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும். இருபத்துநாலு இழுப்பு. அவள் உள்ளே எட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே முதல் இழுப்பை இழுத்துவிட்டாள்.

ஐந்து. ஆறு. உள்ளே அண்ணியின் குரல் ஏதோ தாழ்வாகச் சொன்னது. பத்து. முதுகில் வியர்வை ஓடியது. பதினாலாவது இழுப்பில் ராட்செட் வழுக்கி விரல் முட்டி சட்டத்தில் அடிபட்டது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு தொடர்ந்தாள். பதினெட்டு. பத்தொன்பது.

இருபதாவது இழுப்பில் மெஷினின் முனகல் நின்றது.

கரண்ட் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் தலைக்கு மேலே, கூரைக் கொக்கியில் தொங்கவிட்டிருந்த பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருபத்தொன்று இழுத்தாள். இருபத்திரண்டு. இருபத்துமூன்று. கடைசி இழுப்பை மிக மிக மெதுவாக இழுத்தாள். முள் வந்து நிற்க வேண்டிய கோட்டில் நின்றது. நூற்று நாற்பத்தெட்டு. மூடியில் எழுதி, எழுபத்திரண்டோடு கூட்டி, இரண்டால் வகுத்தாள். அவ்வளவு சின்னக் கணக்கை அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள்.

ஒரு கையில் மூடியும் இன்னொரு கையில் ராட்செட்டுமாக அவள் அறை வாசலில் போய் நின்றாள். அண்ணி பிளாஸ்டிக் குழாயை மெஷினிலிருந்து கழற்றி, வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனின் கண்களை மூடி முடித்திருந்தாள். ஸ்டூல் தலைமாட்டில் இல்லை, ஜன்னலோரம் தள்ளிக் கிடந்தது.

"நூத்திப்பத்து" என்றாள் பாப்பா.

"அவர் சொன்னதுதானே?"

"ஆமா."

அண்ணி குழாயைச் சுற்றி முடித்து, அவிழாமல் இருக்க நுனியை உள்ளே செருகினாள்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் எல்லாவற்றையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டார். யாருக்குச் சொல்ல வேண்டும், யார் நாற்காலி கொண்டுவர வேண்டும், யார் டாக்டரிடம் தாள் வாங்க வேண்டும் என்பதையெல்லாம் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்ற மறந்தபடியே ஏற்பாடு செய்தார். தண்ணீர் வாரியத்திலிருந்து நாலைந்து பேர் சைக்கிளிலேயே வந்து, வரிசையாக நிறுத்திவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். ரேஸ் போய்ட்டாரா என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்று யாரோ சொன்னார்கள். பாப்பா நடையிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து நடைக்கும் போய்க்கொண்டிருந்தாள். அவள் கையில் எப்போதும் ஏதாவது ஒரு டம்ளர் இருந்தது.

பின்பக்கம் குழாயடியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவ உட்கார்ந்தபோது அண்ணி வந்து பக்கத்தில் நின்றாள்.

"யாராவது செய்வாங்க, விடு."

"இல்லண்ணி. தோத்துட்டேன்ல."

அண்ணி போகவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். 

"உன்ன கூப்பிடத்தான் எந்திரிச்சேன்" என்றாள் பிறகு. "ஸ்டூல தள்ளிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். கைய பிடிச்சுக்கிட்டாரு. கூப்பிடாதன்னாரு."

பாப்பா தேய்த்துக்கொண்டிருந்த டம்ளரை மறுபடி முதலிலிருந்து தேய்த்தாள்.

"நடுவுல கூப்பிட்டா அவ திரும்ப மொதல்லேர்ந்து சுத்தணும்னாரு. அப்புறம்..." அண்ணி முந்தானை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு தடவ நீ நடுவுல கூப்பிட்டது போதும்டின்னு சிரிச்சாரு. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அந்த ராட்செட் சத்தத்த கேட்டுக்கிட்டே இருந்தாரு. நிக்காம வந்துச்சுல்ல அது."

"ஆமா" என்றாள் பாப்பா. "நிக்கல."

முன்பக்கத்திலிருந்து தையல்காரர் கூப்பிட்டார். உடலைக் கொண்டுபோக வண்டி வந்துவிட்டது. ஆனால் ஸ்ட்ரெச்சர் உள்ளே வராது, காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம் இருக்கிறது, காரை எடுத்தே ஆக வேண்டும். ஸ்டார்ட் பண்ண முடியுமாம்மா என்று கேட்டார். முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்த எஞ்சினை அவரே பார்த்துவிட்டு, கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தள்ளுவது என்று முடிவாயிற்று. தெருவுக்குப் பின்பக்கமாக. மீட்டர் படிப்பவர்கள் சந்தோஷமாகவே சட்டைக் கையை மடித்தார்கள், அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது. தையல் மெஷினைத் தவிர வாழ்க்கையில் வேறு எதையும் ஓட்டியறியாத தையல்காரர், ஸ்டியரிங் பிடிக்கத் தாமே உள்ளே ஏறி உட்கார்ந்தார். கட்டைகளையெல்லாம் எடுத்தாயிற்று என்றார். வண்டி திடீரென்று உருண்டுவிடக் கூடாது என்று ஏதோ முன்ஜாக்கிரதை செய்திருப்பதாகவும் சொன்னார். பாப்பா அதைக் கேட்டும் கேட்காமலும் முன்னால் போய், ரேடியேட்டர் இருந்த காலி இடத்தின் இரு பக்கமும் கை ஊன்றினாள். எஞ்சின் அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

"ம், தள்ளுங்க."

கார் அசையவில்லை. எல்லோரும் மறுபடி மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். உள்ளே எங்கோ ஏதோ இறுகி, பிறகு மெல்ல விட்டுக்கொடுத்தது. பிளக் துளைகள் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக ஹுஸ் என்று காற்றை ஊதின. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மனிதர் கியரைப் போட்டு வைத்திருக்கிறார். சக்கரம் உருள, எஞ்சினும் கூடவே சுற்றுகிறது.

தட்டு நகர்ந்தது. நூற்று நாற்பத்தெட்டிலிருந்து பின்னோக்கி. நூற்று நாற்பது, நூற்று இருபது. டயல் கேஜின் முள் ஏறியது. நூற்றுப்பத்தைக் கடக்கும்போது அதன் உச்சிக்குப் போய், தயங்கியதுபோல் இருந்து, இறங்கியது. எழுபத்திரண்டு. பூஜ்யம். பிறகு மறுபடி ஒரு சுற்று.

நிறுத்துங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நியூட்ரலுக்குக் கொண்டுவர ஒரு வினாடி ஆகாது. அவள் வாயைத் திறந்தாள்.

"கனமா இருக்காம்மா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் தையல்காரர்.

"இல்ல" என்றாள். "அப்படியே வரட்டும்."

கார் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கியது. தட்டின்மேல் வெயில் பட்டு, கோடுகள் ஒன்றும் தெரியாத வெறும் வெள்ளை வட்டமாக அது சுற்றியது. கேஜின் முள் மட்டும் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே, மற்றவர்களோடு சேர்ந்து, தெருவின் எதிர்ப்பக்கம் வரை தள்ளிக்கொண்டு போனாள்.